மணியின் இரண்டாவது குப்பி

நான் குப்பியை மாற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு வருஷம் வானிலை ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, அளந்து, எழுதி, எழுதியதை மறுபடி ஒத்துப் பார்த்த பிறகுதான் தண்ணீரைக் கொட்டுவேன். கொட்டிய மழையை இரண்டாம் தடவை அளக்க முடியாது. அப்படிப்பட்டவன் எட்டு ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுவதில் கோட்டை விட்டுவிட்டான் என்று இங்கிலாந்தில் ஒரு பேராசிரியர் சொல்லிவிட்டார். அதனால்தான் எழுபத்து நான்கு வயதில், இரண்டு முழங்கால் வலியோடு, கார்த்திகை மழையில் நான் திருநெல்வேலிக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று.

மனைவி காலமான பிறகு ஐந்து வருஷமாக இங்கிலாந்தில் மகள் உமாவோடு இருக்கிறேன். அவளுக்கு டி.என்.ஏ. படிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் ஒரு கண் நோய் உண்டு. முதலில் இருட்டினால் தெரியாது. பிறகு பக்கவாட்டுப் பார்வை போகும். கடைசியில் மூங்கில் குழல் வழியே பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். அதற்குக் காரணமான பிழை டி.என்.ஏ.வில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை ஏறத்தாழக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பகுதி நீளமானது. ஏறக்குறைய மூன்று லட்சம் எழுத்து. விநாடிக்கு ஓர் எழுத்தாக வாய்விட்டு வாசித்தால் மூன்று நாள் பதினோரு மணி இருபது நிமிஷம் ஆகும், தூங்காமல்.

உமா மாணவியாக இருந்தபோது கதிரியக்கப் பொருள் கலந்து, படச்சுருளில் விழும் கறுப்புக் கோடுகளை விளக்கு வைத்துப் பார்த்து, அவள் சொல்லச் சொல்லத் தோழி எழுதுவாளாம். நாளெல்லாம் உட்கார்ந்தால் முந்நூறு எழுத்து. இப்போது டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துக்கும் நான்கு நிறம். ஒளிக்கதிர் பட்டு நிறம் மினுங்க மினுங்க யந்திரமே எழுதிக்கொள்கிறது. ஒரே சமயத்தில் முப்பத்தாறு வரிசை. கண்ணாடிக்குள் குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டேன். முன்பு ஒரு மாணவி தன் படிப்புக் காலம் முழுவதையும் கொடுத்தாலும் முடியாத நீளத்தை, இப்போது சில மாதத்தில் முடித்துவிடுகிறார்கள்.

ஆனாலும் யந்திரம் ஒரே மூச்சில் ஐந்நூறு எழுத்துக்கு மேல் வாசிக்காது. அதனால் நீள இழையைப் பல பிரதி எடுத்து, தாறுமாறாக வெட்டி, துண்டுகளைத் தனித்தனியே படித்து, ஒன்றின் வாலும் இன்னொன்றின் தலையும் ஒத்துப்போகும் இடத்தில் ஒட்டுகிறார்கள். எங்கள் நிலையத்தில் மழையைத் தானே வரையும் கருவியில் தினம் ஒரு தாள் சுற்றுவோம். நேற்றைய தாளின் கடைசிச் சில நிமிஷமும் இன்றைய தாளின் முதல் சில நிமிஷமும் ஒன்றின்மேல் ஒன்று விழும். எது எதற்கு அடுத்தது என்பதை அதை வைத்துத்தான் சொல்வோம். உமாவிடம் இதைச் சொன்னேன். "அதேதான் அப்பா. என்ன, எங்களுக்கு ஆயிரக்கணக்கான தாள், தேதி போடாம," என்றாள்.

இதெல்லாம் யாருக்காக என்றால், காலஞ்சென்ற என் தம்பியின் மகள் லலிதாவுக்காக. கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள், வயது நாற்பத்து நான்கு. அவளுக்கு இந்த நோய் முற்றிவிட்டது. அவள் மகள் செல்விக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தாயிடமிருந்து பிழை ஒரு பங்கு கட்டாயம் வந்திருக்கும். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பங்கானால்தான் நோய். என் பெரிய அண்ணன் மகன் மணி, ஆழ்வார்திருநகரியில் ஓவிய வாத்தியார். அவன் மகன் குமாருக்குச் செல்வியைக் கேட்கிறார்கள். மணிக்கும் பார்வை மங்கிவிட்டது. ஆனால் அது சர்க்கரையால் வந்தது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லியிருக்கிறார். சர்க்கரைதான் என்றால் கல்யாணத்தில் பெரிய பயமில்லை. குடும்பத்து நோய் என்றால் குமாரிடமும் ஒரு பங்கு இருக்கும், பிறக்கும் பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்குக் கண் போகும். "உமா பாத்துச் சொல்லிட்டான்னா தை மாசமே முடிச்சிருவோம் பெரியப்பா" என்று லலிதா சொல்லச் சொல்லச் செல்வி கடிதம் எழுதினாள். போன வருஷம் நானே போய் எட்டுப் பேரிடம் ரத்தம் எடுத்து வந்தேன்.

படித்துப் பார்த்ததில் விவகாரம் வந்துவிட்டது. மணியின் குப்பியும் லலிதாவின் குப்பியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின, தந்தைவழியில் மட்டுமல்ல, தாய்வழியிலும். லலிதாவின் தாய் கோமதி எங்கள் மாமன் மகள். மணியின் தாய் பார்வதியோ நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த அந்நியக் குடும்பத்துப் பெண். "இது லலிதாவின் உடன்பிறந்தான் ரத்தம் மாதிரி இருக்கே அப்பா," என்றாள் உமா. "லலிதா ஒற்றைப் பிள்ளை," என்றேன். "அப்ப மணி அண்ணன் குப்பி எங்கயோ மாறியிருக்கு." உமாவின் பேராசிரியரும் அதையே, சிரித்த முகத்தோடு, "வயதானவர், நெடும் பயணம்" என்று சொன்னாராம். மணியிடமும் லலிதாவிடமும் இரண்டாவது குப்பி நானே எடுத்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

முதல் நாள். ரயில் ஒரு மணி நாற்பத்தேழு நிமிஷம் தாமதம். ஜங்ஷன் பக்கம் விடுதியில் முப்பத்திரண்டு படி ஏறி அறை. கையில் அகலவாய் பிளாஸ்க், அதற்குள் குளிர்ப் பொட்டலம் நான்கு. உமாவின் கட்டளைகள் மூன்று: ரத்தம் சூடாகக்கூடாது, உறையவும் கூடாது, நாலு நாளுக்குள் வந்து சேரவேண்டும். உறைந்தால் செல் வெடித்து நீள இழை துண்டு துண்டாகப் போய்விடுமாம். "நீங்கதான் எப்படியும் வெட்டப் போறீங்களே?" என்று கேட்டேன். "முதல்ல முழுசாப் பிடிச்சு வச்சாத்தான் அப்பா, எதை வெட்டினோம்னு தெரியும்," என்றாள். விடுதிப் பையன் குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே பன்னிரண்டு சோடாப் புட்டியும் ஒரு கிண்ணம் மீன் குழம்பும் இருந்தன. பொட்டலங்களை அந்தக் குழம்புக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் கல்லிடைக்குறிச்சி. பஸ்ஸில் ஐம்பத்திரண்டு இருக்கை, எண்பத்தொரு ஆட்கள். கண்டக்டர் என் பிளாஸ்க்கைப் பார்த்து, "அண்ணாச்சி, காப்பியா? எனக்கும் ஒரு வாய் ஊத்தும்வே," என்றார். ரத்தம் வைக்க என்றேன். அதற்கப்புறம் அம்பாசமுத்திரம் பக்கம் போகிற அத்தனை நெருக்கடியிலும் என்னைச் சுற்றி ஒரு முழம் இடம் கிடைத்தது.

கோமதி சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் மிதக்க, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. இங்கிலாந்தில் மகள் வீட்டில் அவித்த பட்டாணியை நான் எண்ணிக்கொண்டே சாப்பிடுவது வழக்கம், ஒரு தட்டில் நாற்பதுக்குக் குறையாது. இங்கே எண்ணுவதற்கு இடமில்லாமல் அகப்பை வந்துகொண்டே இருந்தது. கணவனுக்கு மூத்தவன் என்பதால் கோமதி என் எதிரே உட்காரமாட்டாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுபது வயது. ஊசியில் நூல் கோக்கும் கண். போன வருஷம் அவளிடமும் ரத்தம் கேட்டேன். "எங் கண்ணு நல்லாத்தான தெரியுது அத்தான், எனக்கு எதுக்கு?" என்று உள்ளே போய்விட்டாள். நோட்டில் 'மறுத்தார்' என்று எழுதிக்கொண்டேன்.

"எங்க அம்மைகிட்ட கொஞ்சம் சொல்லுங்க பெரியப்பா," என்றாள் லலிதா, சுவரைத் தடவி வந்து உட்கார்ந்து. "ஒரு வருசமா இழுத்தடிக்கா. ஆவணில கேட்டா ஐப்பசிங்கா, ஐப்பசில கேட்டா ஜாதகம் சரியில்லைங்கா. மணி அண்ணன் வீட்டுல என்ன நெனப்பாக?"

கோமதி என் தட்டில் இன்னோர் அகப்பை சொதி ஊற்றினாள். செல்வியிடம் கேட்டேன், குமாரைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று. இருபது வயதுப் பெண். தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "யாரைக் கட்டினாலும் சரிதான் தாத்தா. எங்க அம்மை மாதிரி செவுத்தத் தடவுத பிள்ளைய மட்டும் பெத்துரக்கூடாது. அதுக்கு வழி சொல்லுங்க."

லலிதா சிரித்தாள். "செவுத்தத் தடவித்தாம்ட்டி ஒன்னயப் பெத்து வளத்தேன்."

மூன்றாம் நாள் ஆழ்வார்திருநகரிக்கு வாடகைக் கார். ஓட்டுநர் காஜா, மேலப்பாளையத்துக்காரர், சவுதியில், தம்மாமில் பதினொரு வருஷம் கார் ஓட்டியவர். இன்னொரு குப்பிக்காக லலிதாவும் வந்தாள். அழைக்காமலே கோமதியும் ஏறிக்கொண்டாள், மடியில் ஒரு தூக்குவாளியோடு. "பிள்ளைக்கு எத்தனை தடவைதான் ஊசி குத்துவிய?" என்று கேட்டாள். ஐம்பது வயது மணியைப் பிள்ளை என்கிறாளே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மழையில் தாமிரபரணி கரைக்குச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. என் பழைய கண்ணுக்கு முந்தின நாள் நாற்பது மில்லிமீட்டராவது பெய்திருக்கும். ஸ்ரீவைகுண்டத்துக்கு முன்னால் வாய்க்கால் தண்ணீர் ரோட்டில் ஏறியிருந்தது. அதற்குள் மறைந்திருந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கி டயர் போயிற்று.

"சவுதில ரோடு அப்பிடியே கண்ணாடி அண்ணாச்சி. குழிங்கதே கெடையாது," என்றார் காஜா, ஜாக்கியை முடுக்கிக்கொண்டு.

"அப்ப ஏன் திரும்பி வந்தீரு?"

"குழியே இல்லாம ஓட்டினா தூக்கம் வந்துருதுல்லா."

மாற்று டயரிலும் காற்றுக் குறைவு. நாற்பத்தாறு நிமிஷம் போயிற்று. திரும்பி வரும்போது பைய ஓட்ட வேண்டும், குப்பிகள் இருக்கும் என்று மூன்று தடவை சொன்னேன். "மொதத் தடவையே கேட்டுட்டு அண்ணாச்சி," என்றார்.

ஆழ்வார்திருநகரியில் மணி வாசலிலேயே நின்றான். "வாங்க சித்தப்பா," என்று கை கூப்பினான், நான் நின்ற இடத்துக்கு ஓர் அடி வலப்பக்கம் பார்த்து. அவன் மனைவி காப்பி கொடுத்தாள். ரத்தம் எடுக்கும் ஆள் மொபெட்டில் வந்து சேர்ந்தார். மணியின் கையில் குத்தி, குப்பி நிறைந்ததும் சடசடவென்று ஆட்டத் தொடங்கினார். நான் கத்திவிட்டேன்.

"ஆட்டலேன்னா கட்டி தட்டிரும் சார்," என்றார் அவர்.

"கவுத்து நிமித்தும். பைய. எட்டுத் தடவை."

அவர் கவிழ்த்து நிமிர்த்த நான் எண்ணினேன். பிறகு லலிதாவின் குப்பி. பிறகு படிவம். இந்தத் தடவை யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது என்று சாட்சிக்கு ஆள் வைத்துக்கொண்டு, உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதினேன். பெயர், மணி. தந்தை, என் பெரிய அண்ணன் பெயர். தாய், பார்வதி.

அப்போது ஊசி குத்திய கையை மடக்கிக்கொண்டு லலிதா, "அம்மா, கொஞ்சம் தண்ணி தா," என்றாள். அதே நேரத்தில் மணி, "சித்தி, நீங்க ஏன் நிக்கிய, உக்காருங்க," என்றான். இரண்டுக்கும் திரும்பியது ஒரே முகம், கதவு நிலையைப் பிடித்து நின்ற கோமதி.

என் பேனா நின்றுவிட்டது.

இதை வாசிப்பவர்கள் என்னை மடையன் என்பார்கள். சொல்லட்டும். மணி கோமதியின் வயிற்றில் பிறந்தவன். எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மணிக்கும் தெரியும், உமாவிடம் மட்டும் யாரும் பேச்செடுத்ததில்லை. பெரிய அண்ணனுக்குப் பிள்ளையில்லை என்று, பிறந்த நாற்பத்தோராம் நாள், என் தம்பியும் கோமதியும் தாரை வார்த்துத் தத்துக் கொடுத்தார்கள். செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். அன்று முதல் அவன் பெரிய அண்ணன் மகன். அண்ணனுக்குக் கொள்ளி வைத்தான், வருஷா வருஷம் திதி கொடுக்கிறான். பெரியப்பா என்று கூப்பிட்டிருக்க வேண்டிய என்னைச் சித்தப்பா என்கிறான். பெற்றவளைச் சித்தி என்கிறான். அவன் பெண்டாட்டி பிள்ளைக்கும் அதே முறைதான். இங்கிலாந்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அறிமுகமான பத்தாவது நிமிஷத்தில் தான் தத்துப்பிள்ளை என்று சொல்லிவிட்டார். எங்களிடம் அது மறைத்த விஷயமும் அல்ல, மறந்த விஷயமும் அல்ல. தண்ணீர் விட்டதோடு முடிந்துபோன விஷயம். அதனால் 'லலிதா ஒற்றைப் பிள்ளை' என்று மகளிடம் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் எண்ணி வைத்திருந்தேன்.

யந்திரத்துக்குத் தண்ணீர் விட்டது தெரியவில்லை. அது எழுத்தை மட்டும் வாசித்தது. சரியாகத்தான் வாசித்திருக்கிறது. குப்பியும் சரி, சீட்டும் சரி. நான் எழுதிக் கொடுத்த வம்சப் படம்தான் தப்பு.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உத்தரத்துக் கட்டைகளை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். கோமதி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். வந்து, ஐம்பது வருஷத்தில் முதல் முறையாக, என் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, புடவையை முழங்கைக்கு மேல் ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

"எனக்கும் எடுத்துரச் சொல்லுங்க அத்தான்."

ரத்தம் எடுப்பவர் எடுத்தார். குப்பியைக் கவிழ்த்து நிமிர்த்தினார். எட்டுத் தடவை என்று நினைக்கிறேன். "பேரு கோமதி. உறவு என்ன போட சார்?"

"எனக்கு அம்மா," என்றாள் லலிதா.

"அவனையும் சேத்து எழுதுங்க," என்றாள் கோமதி.

சமையலறையில் மணியின் மனைவி ஏதோ பாத்திரத்தை மூடும் சத்தம் கேட்டது. மணி எழுந்து வந்தான். அவள் முழங்கையில் வைத்திருந்த பஞ்சு நழுவிக்கொண்டிருந்ததை அந்தக் குழல் பார்வையில் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறான். கையை நீட்டினான், முதல் தடவை நாற்காலிப் பிடியில் பட்டது. மறுபடி நீட்டிப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டான். "ரத்தம் நிக்க அஞ்சு நிமிசம் ஆகும் சித்தி," என்றான். "ஆகட்டும்," என்றாள் அவள். தூக்குவாளியில் அவனுக்காக உளுந்தங்களி கொண்டுவந்திருந்தாள். சர்க்கரைக்காரன் என்று கருப்பட்டியைப் பாதியாகக் குறைத்திருந்தாளாம்.

குப்பிகள் நாலு நாள் கெடுவுக்குப் பதினான்கு மணி நேரம் முன்னதாகவே உமாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. புதிதாகப் படித்ததிலும் மணியின் எழுத்துகள் லலிதாவின் எழுத்துகளோடு ஒத்து அப்படியே நின்றன, அவன் கண்ணைக் கெடுத்ததும் குடும்பத்து நோய்தான். கோமதியின் எழுத்துகளில் ஒரு பாதி அவனிடமும் அதே பாதி லலிதாவிடமும் இருந்தன. மூவரையும் படத்தில் சரியான இடத்தில் வைத்ததும், மூன்று லட்சத்தில் ஒத்துவராமல் நின்ற இடங்கள் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன என்று உமா சொன்னாள். பேராசிரியர் எனக்கு ஒரு வருத்தக் கடிதம் எழுதினார். நானும் அவருக்கு ஒன்று எழுதினேன், அதுவும் வருத்தக் கடிதம்தான். ஆனால் இதெல்லாம் பிற்பாடு. அன்று சாயங்காலம் திரும்பி வந்த காரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

காஜா சொன்னபடி பையத்தான் ஓட்டினார். மாட்டுவண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் லலிதா வெடித்தாள்.

"போன வருசமே சொல்லியிருக்கலாம்லா? மணி அண்ணனுக்கும் நம்ம நோயிதான்னு ஒனக்குத் தெரியும்லா?"

"சர்க்கரைன்னு டாக்டரு சொல்லலாம். எனக்குத் தெரியாதா? எவ வயித்துல இருந்து போன கண்ணுன்னு?"

"பெறகு ஏன் வாயத் தொறக்கல?"

"தொறக்கப்படாதுன்னு பார்வதியக்கா கேட்டுக்கிட்டா. எம் பிள்ளைன்னு நாஞ் சொல்லிட்டா அவ மலடியா ஆயிருவாளாம். சரின்னேன். செத்துப்போனவகிட்ட போயி வாக்கத் திருப்பி வாங்க முடியுமா?" கோமதி முன்னால் இருந்த என் முதுகைப் பார்த்துத்தான் பேசினாள் என்று தோன்றியது. "ரத்தம் குடுக்காம இருந்துட்டா தெரியாமப் போயிரும், கல்யாணத்தை மட்டும் எப்பிடியாவது தட்டி விட்டிருவோம்னு நெனச்சேன். அது என்ன மிசினோ, எழுத்தெண்ணிப் படிச்சிருச்சு."

காஜா கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப தை மாசம் ஒண்ணும் கெடையாது," என்றாள் லலிதா.

"கெடையாது. ரெண்டு பேருக்கும் வெளியில பாப்போம். ஒறவே இல்லாத எடமா. பேத்திக்கும் நானே பாக்கேன், பேரனுக்கும் நானே பாக்கேன்."

குமாரைப் பேரன் என்று அவள் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல். லலிதாவும் கவனித்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், வெளியே இருட்டிக்கொண்டு வந்ததில் அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

"மொதல்ல ஒம் பேரனுக்குப் பாரு," என்றாள் கடைசியில். "அவந்தான் ஒம் மூத்தவன் வீட்டுப் பிள்ளை. எம்மவ இன்னும் ரெண்டு வருசம் படிக்கட்டும்."